மகத்துக்குத் தெற்கே ஒரு சிறு சதுரம்



தொலைதூர விண்மீன் திரள்களைப் பற்றி, கேலக்ஸிகள் என்று நாம் சொல்பவற்றைப் பற்றி, பேச அழைத்திருக்கிறீர்கள். அவற்றின் படங்களை எல்லோரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்தப் படங்கள் பிறப்பதற்கு முன்னால் நடக்கும் வேலை. எந்தத் தொலைநோக்கி, வானத்தின் எந்தத் துண்டு, என்னென்ன வடிகட்டிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்து முடிவு செய்கிற வேலை. இந்தத் துறையின் அறிவு பெருமளவும் அங்கேதான் செலவாகிறது. ஆனால் அதைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் குறைவு.

இந்தக் கண்டமங்கலத்திலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. 1769 ஜூன் 4 அன்று காலை, அங்கே இடிந்துகிடந்த கோட்டையின் நடுவில் கட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் கியோம் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் காத்திருந்தார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதை அளப்பதற்காக 1760இல் பிரான்சை விட்டுக் கிளம்பியவர். 1761இல் நடந்த முதல் கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போயிருந்தது. ஆடும் கப்பலிலிருந்துதான் அவரால் அதைப் பார்க்க முடிந்தது, அளக்க முடியவில்லை. அடுத்ததற்காக எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கினார். அந்தக் காலைப்பொழுதில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது.

அவர் கதையை இரக்கத்தோடு சொல்பவர்கள் பலர். எனக்கு அவர் முக்கியமானவராவது வேறொரு காரணத்தால். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1749இல், ஆண்ட்ரோமெடா அருகில் ஒரு சிறிய மங்கலான திட்டை அவர் கண்டுபிடித்துக் குறித்துவைத்தார். இன்று அதற்கு எம்32 என்று பெயர். சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் திரள் அது. அவர் கண்ணுக்கு அது தெரிந்தது. அதன் தூரம் மட்டும் தெரிய வழியில்லை. ஒரு மங்கல் திட்டு நமக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது? நான் பேசப்போகும் கணக்கெடுப்புகள் எல்லாம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

பிரபஞ்சம் விரிகிறது. நெடுந்தூரம் பயணம் செய்து வரும் ஒளியின் அலைநீளமும் அதனோடு சேர்ந்து நீள்கிறது. எத்தனை மடங்கு நீண்டது என்பதிலிருந்து செம்பெயர்ச்சி கிடைக்கிறது. அதிலிருந்து தூரமும் காலமும் கிடைக்கின்றன. இதை அளக்க மிக நம்பகமான வழி, ஒளியை நிறமாலையாகப் பிரித்து, தெரிந்த கோடுகள் எங்கே போய் நிற்கின்றன என்று பார்ப்பது. ஆனால் மங்கலான ஒரு திரளின் ஒளியை ஆயிரம் துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒன்றும் மிஞ்சாது. அப்படி மங்கலான இலட்சம் திரள்களுக்கு இதைச் செய்ய உலகத்திலுள்ள பெரிய தொலைநோக்கிகளின் இரவுகள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது.

1962இல் வில்லியம் பாம் என்ற வானியலாளர் ஒரு குறுக்கு வழி காட்டினார். பாலோமர் தொலைநோக்கியில் ஒன்பது வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, தொலைவிலிருந்த நீள்வட்டத் திரள்களின் பிரகாசத்தை அளந்தார். வயதான விண்மீன்கள் நிறைந்த திரள்களின் ஒளி, 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குக் கீழே சட்டென்று குறையும். அந்த வெட்டு எந்த வடிகட்டிக்கும் எந்த வடிகட்டிக்கும் இடையில் விழுகிறது என்று பார்த்தாலே செம்பெயர்ச்சியைக் கணித்துவிடலாம். நிறமாலையில் 0.46 என்று வந்த ஒரு திரள்கூட்டத்துக்கு அவருக்குக் கிடைத்த விடை 0.44. நிறமாலையே எடுக்காமல் இவ்வளவு நெருங்கினார். எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் மிக அழகான அளவீடுகளில் அதுவும் ஒன்று.

இனி வடிகட்டியின் அகலத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் களத்தில் மல்லாட்டை சலிப்பவர்களுக்குத் தெரியும்: சல்லடைக் கண் பெரிதானால் நல்லதும் சொத்தையும் சேர்ந்தே விழும்; மிகச் சிறிதானால் பொழுது சாயும்வரை சலித்தாலும் வேலை முடியாது. அகலப்பட்டை வடிகட்டி பெரிய கண். தன் மைய அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு அகலத்துக்கு ஒளியை அது உள்ளே விடும். நூற்றில் ஒரு பங்கை மட்டும் விடுவது குறும்பட்டை. பத்தில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு என்று இடையில் நிற்பது நடுப்பட்டை. விண்மீன்களுக்கு இந்த நடுப்பட்டை முறையை நிலைநிறுத்தியவர் டென்மார்க்கின் பெங்ட் ஸ்ட்ரோம்கிரென். விண்மீன் திரள்களுக்கு அதை எடுத்துவந்த முயற்சிகள் பல. சிலியில் லா சில்லாவிலிருந்த 2.2 மீட்டர் தொலைநோக்கியில் 17 வடிகட்டிகளோடு நடந்த காம்போ-17 அவற்றுள் முன்னோடி.

கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு நின்றால் பாதி வழியில் மாட்டிக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். செம்பெயர்ச்சி 2 என்றால் அலைநீளம் மூன்று மடங்காகும். 4000 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் வெட்டு 12,000 ஆங்ஸ்ட்ராமுக்கு, அதாவது 1.2 மைக்ரானுக்கு, வந்துவிடும். அது அகச்சிவப்பு. அங்கே பூமியின் காற்று குறுக்கே நிற்கிறது. 1.4 மைக்ரானிலும் 1.9 மைக்ரானிலும் நீராவி ஒளியை விழுங்கிவிடுகிறது. இடையில் திறந்திருக்கும் சாளரங்களுக்கு ஜே, எச், கே என்று பெயர். சாளரத்துக்கு ஒரு வடிகட்டி என்பதே நெடுநாள் வழக்கம். 1.2 மைக்ரானில் வெட்டு விழுந்தால் அது ஜே வடிகட்டியின் நடுவே விழும். விழுந்தது தெரியும், எந்த இடத்தில் என்று தெரியாது.

இதற்கு வானியலாளர் பீட்டர் வான் டாக்கமும் அவர் குழுவினரும் செய்தது கேட்க எளிமையானது. ஜே சாளரத்தை மூன்றாகவும் எச் சாளரத்தை இரண்டாகவும் பிரித்தார்கள். மையங்கள் 1.05, 1.19, 1.28, 1.56, 1.71 மைக்ரான். இந்த ஐந்து வடிகட்டிகளையும் அரிசோனாவின் கிட் பீக்கிலுள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் நியூஃபர்ம் என்ற கேமராவில் பொருத்தினார்கள். வானத்தில் இரண்டே இடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு முழுநிலவின் பரப்பு. 2008, 2009 ஆண்டுகளில் 75 இரவுகள். செம்பெயர்ச்சியில் வந்த பிழை 1 முதல் 2 விழுக்காடு. அகலப்பட்டையை மட்டும் நம்பிய முந்தைய கணிப்புகளில் பிழை இதைவிட வெகு அதிகம்.

ஒரு விழுக்காடு, ஆறு விழுக்காடு என்றால் என்ன பெரிய வித்தியாசம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. செம்பெயர்ச்சி 2இல் ஆறு விழுக்காட்டுப் பிழை என்றால், பார்வைத் திசையில் முன்னும் பின்னும் 80 கோடி ஒளியாண்டுக்கு மேல் குழப்பம். ஒன்றரை விழுக்காடு என்றால் அது சுமார் 20 கோடியாகக் குறையும். முன் வரிசையில் இருப்பதும் பின் வரிசையில் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும் வானத்தில், உண்மையிலேயே பக்கத்தில் பக்கத்தில் கூட்டமாக இருப்பவை எவை என்பது அப்போதுதான் தெரியவரும்.

அப்படியானால் எல்லா வடிகட்டியையும் மெலிதாக்கிவிடலாமே? திட்டமிடுபவருடைய கை கட்டப்படுவது இங்கேதான். ஒரு வடிகட்டியின் அகலத்தை மூன்றில் ஒன்றாக்கினால் திரளின் ஒளியும் மூன்றில் ஒன்றாகும்; வானத்தின் பின்னணி ஒளியும் அப்படியே குறையும். பின்னணியின் இரைச்சல் வர்க்கமூலத்தில்தான் குறைவதால், பழைய தெளிவு வேண்டுமென்றால் மூன்று மடங்கு நேரம் திறந்துவைக்க வேண்டும். அதே அலைநீள அகலத்தை முழுதாக அளக்க இப்போது மூன்று வடிகட்டிகள் தேவை. மூன்று மூன்று ஒன்பது. ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு ஒன்பது மணி நேரம். இந்த ஒன்பதைக் கொடுக்க மனம் வருகிறதா, அதற்கு ஈடாக வானத்தில் பரப்பைக் குறைப்பதா, ஆழத்தைக் குறைப்பதா? எந்தக் கேள்விக்காகக் கிளம்பினோம் என்பது தெளிவாக இல்லாத குழு இந்தக் கட்டத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று பங்கு போடும். அதனால் எதற்கும் போதாத படங்கள்தான் கிடைக்கும். நான் பார்த்தவரை, நல்ல திட்டத்தின் முதல் அடையாளம் அது எதை விட்டுக்கொடுத்தது என்பதுதான்.

அடுத்து வந்த குழு வேறு வழியைத் தேர்ந்தது. சிலியின் லாஸ் கம்பானஸில் 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கி. ஃபோர்ஸ்டார் என்ற கேமரா. ஏறத்தாழ அதே ஐந்து வடிகட்டிகள். ஆனால் பரப்பை வெகுவாகச் சுருக்கினார்கள். 11க்கு 11 நிமிடப்பாகை அளவில் மூன்று சதுரங்கள். ஒவ்வொன்றும் முழுநிலவின் பரப்பில் ஆறில் ஒரு பங்குதான். மிச்சப்பட்ட நேரத்தை ஆழத்தில் கொட்டினார்கள். இதுவே இசட்-ஃபோர்ஜ் கணக்கெடுப்பு.

அந்த மூன்று சதுரங்களில் ஒன்று நமக்கு மிகத் தெரிந்த இடத்தில் இருக்கிறது. மாசி மகத்தன்று மயிலம் முருகன் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, அன்றிரவு முழுநிலவு மக நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். அந்த மகத்துக்குத் தெற்கே சுமார் பத்து பாகை தள்ளி, வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாத இருண்ட பகுதி ஒன்று உண்டு. காஸ்மாஸ் புலம் என்று அதற்குப் பெயர். இரண்டு சதுரப் பாகை. உலகின் பெரிய தொலைநோக்கிகள் ஏறக்குறைய அனைத்தும் அதைப் பார்த்துவிட்டன. வான நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் வடக்கே ஹவாயிலிருந்தும் தெற்கே சிலியிலிருந்தும் அது எட்டும். கண்டமங்கலத்தில் அது உச்சிக்கு வரும்போது தெற்கு அடிவானத்திலிருந்து 80 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கும்.

அந்த நிலவே திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெறும். சூரியனின் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால் காஸ்மாஸ் புலத்தின் அருகே மாதம் ஒருமுறை நிலவு வந்தே தீரும். மாசியில் அது வருவது முழுநிலவாக. நிலவொளி காற்றில் சிதறுவது பெரும்பாலும் நீல நிறத்தில். ஆகவே அந்த இரவுகளில் நீலப் பட்டைகளைத் தொடக்கூடாது. 1.2 மைக்ரானுக்கு மேலே நிலவின் தொல்லை மிகக் குறைவு. அங்கே தொல்லை தருவது வேறு: மேல் வளிமண்டலத்தின் ஹைட்ராக்ஸில் மூலக்கூறுகள் இரவெல்லாம் தாமே ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. எனவே நிலவற்ற இரவுகளை மற்றவர்களுக்கு விட்டு, முழுநிலவு நாட்களை அகச்சிவப்புக் குழுக்கள் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் கைவரும்.

காஸ்மாஸில் அவர்கள் வைத்த அந்தச் சிறு சதுரத்துக்குள் 2012இல் ஒரு நெருக்கம் தென்பட்டது. செம்பெயர்ச்சி 2.2க்கு அருகில் திரள்கள் வழக்கத்துக்கு மீறிக் கூடியிருந்தன. அகலப்பட்டைப் படங்களில் அதே இடத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவர்களுக்கு அது புலப்படவில்லை. பிறகு ஹவாயின் கெக் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்து 57 உறுப்பினர்களை உறுதிசெய்தார்கள். செம்பெயர்ச்சி 2.095, அந்த ஒளி கிளம்பி சுமார் 1050 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்த நிறமாலைக் கணக்கெடுப்பை விவரித்து 2016இல் வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் இலங்கையைச் சேர்ந்த தெமிய நாணயக்கார. நடுப்பட்டைக் கணிப்புகளை நிறமாலையோடு ஒப்பிட்டு அவை எவ்வளவு தூரம் நிற்கின்றன என்று சோதித்ததும் அந்தக் கட்டுரையின் பணி. 2017இல் அதே புலத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பிரபஞ்சத்துக்கு 160 கோடி ஆண்டு வயது இருக்கும்போதே விண்மீன்களைப் பெற்று முடித்து ஓய்ந்துவிட்ட ஒரு பெரும் திரள், செம்பெயர்ச்சி 3.717. அவ்வளவு சீக்கிரம் வளர்ந்து அவ்வளவு சீக்கிரம் நின்றுபோனது எப்படி என்ற கேள்வி இன்றும் கோட்பாட்டாளர்களைத் தூங்கவிடவில்லை.

இனி ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. விண்வெளியில் நீராவி இல்லை, ஹைட்ராக்ஸில் இல்லை. அதன் நிர்கேம் கேமராவில் மட்டும் பன்னிரண்டு நடுப்பட்டை வடிகட்டிகள் உள்ளன. ஆனாலும் 2022இல் முதல் படங்கள் வந்தபோது பெரும்பாலும் அகலப்பட்டைகளையே பயன்படுத்தினார்கள். புதிய தொலைநோக்கி, விரைவாக ஆழமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆவல். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேகத்தில்தான் சியர்ஸ்-93316 என்ற பொருள் எல்லோர் கண்ணிலும் பட்டது.

2 மைக்ரானுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கு மேலே 2.77, 3.56, 4.1, 4.44 மைக்ரான் வடிகட்டிகள் எல்லாவற்றிலும் பிரகாசம். செம்பெயர்ச்சி 16.4 என்று கணக்கு சொன்னது. அப்படியானால் பிரபஞ்சத்துக்குச் சுமார் 24 கோடி ஆண்டு வயதில் பிறந்த திரள். ரோகன் நாயுடு தலைமையிலான ஒரு குழு அப்போதே எச்சரித்தது: இது 17க்கு அருகிலும் இருக்கலாம், 5க்கு அருகிலும் இருக்கலாம். 2023இல் நிறமாலை வந்தது. விடை 4.9. அப்போது பிரபஞ்சத்தின் வயது 120 கோடி ஆண்டு.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தூசு மூடிய அந்தத் திரளின் அடிப்படை ஒளி மிக மங்கல். ஆனால் அதற்குள் விண்மீன்கள் வேகமாகப் பிறந்துகொண்டிருந்ததால் ஆக்சிஜன் கோடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடும் மிக வலுவாக இருந்தன. 5007 ஆங்ஸ்ட்ராமிலிருக்கும் ஆக்சிஜன் கோடு சுமார் 5.9 மடங்கு நீண்டு 2.96 மைக்ரானுக்கு வந்தது, அது 2.77 வடிகட்டிக்குள். 6563இலிருக்கும் ஹைட்ரஜன் கோடு 3.88 மைக்ரானுக்கு வந்தது. 3.56 வடிகட்டி முடிவதும், 4.1, 4.44 வடிகட்டிகள் தொடங்குவதும் அந்த ஓரத்தில்தான். ஒரே கோடு மூன்று வடிகட்டிகளுக்கும் ஒளி கொடுத்துவிட்டது. செம்பெயர்ச்சி இம்மியளவு மாறியிருந்தாலும் இந்த மயக்கம் நேர்ந்திருக்காது.

இப்போது 3.0, 3.35, 3.6 மைக்ரான் நடுப்பட்டைகளிலும் படம் எடுத்திருந்தோம் என்று வைத்துக்கொள்வோம். 3.0இல் ஆக்சிஜன் கோடு விழும், பிரகாசம். 3.35இல் கோடு எதுவும் இல்லை, இருட்டு. 3.6இலும் இருட்டு. உண்மையிலேயே செம்பெயர்ச்சி 16 என்றால் மூன்றும் ஒரே அளவு பிரகாசமாக இருக்க வேண்டும். நிறமாலைக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லாமல் விடை அன்றே தெரிந்திருக்கும். வலுவான கோடு என்பது அகலப்பட்டையில் வெறும் பிரகாசம். நடுப்பட்டையில் அது முத்திரை. எண்ணில் சொன்னால், செம்பெயர்ச்சி 5.2இல் ஓரளவு வலுவான ஹைட்ரஜன் கோடு ஒன்று 4.1 மைக்ரான் நடுப்பட்டையின் பிரகாசத்தை 71 விழுக்காடு கூட்டும்; 4.44 அகலப்பட்டையில் அது வெறும் 30. இரண்டின் வித்தியாசத்திலிருந்து அந்தத் திரளில் விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன என்பதே தெரிந்துவிடும்.

பின்னர் ஏபெல் 2744 என்ற திரள்கூட்டத்தின் திசையில் வெப்பின் அகலப்பட்டை, நடுப்பட்டை வடிகட்டிகள் இருபதிலும் முழுதாகப் படம் எடுத்து முடித்தார்கள். முன்னால் நிற்கும் அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு, பின்னால் இருப்பவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதற்காக அந்த இடம்.

நம் நாட்டுப் பங்கையும் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு சென்னையில் பிறந்தவர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனக் கூடத்திலேயே. 1986 ஜனவரியில் அவர் பெயர் சூட்டப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 725 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே, ஆழமான அகச்சிவப்புக் கணக்கெடுப்பு சாத்தியமில்லை. அந்த இடம் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இல்லை. ஆனால் கருவியை நம் கையால் செய்யலாம் என்ற துணிவு அங்கே பழக்கமானது. 2015இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியில் அதன் தொடர்ச்சியைப் பார்க்கிறேன். 38 சென்டிமீட்டர் விட்டம்தான். 2016 அக்டோபரில் ஹபிள் அதியாழ்புலத்தை 28 மணி நேரத்துக்கு மேல் அது பார்த்தது. புவியைச் சூழ்ந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வீசும் ஒளியை வெட்டிவிடும் பேரியம் ஃபுளோரைடு வடிகட்டியைப் போட்டார்கள்; பின்னணி இருண்டது. புனேயின் கனக் சாகா தலைமையிலான குழு, 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு திரளிலிருந்து, ஹைட்ரஜனையே பிளக்கும் வீரியமுள்ள புற ஊதா ஒளி தப்பி வருவதை அந்தப் படத்தில் கண்டு 2020இல் வெளியிட்டது. ஹபிளின் விட்டம் 2.4 மீட்டர். ஆறில் ஒரு பங்கு விட்டமுள்ள கருவிக்கு இது கைகூடியது சரியான வடிகட்டியாலும் சரியான கேள்வியாலும்தான்.

அந்த ஆழ்புலத்தை நீங்கள் இங்கிருந்தே சுட்டலாம். மார்கழி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே 50 பாகை உயரத்தில், வேட்டைக்காரன் மண்டலத்துக்கு வலப்புறம் கீழே.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இந்தக் கணக்கெடுப்புகளின் படங்களும் பட்டியல்களும் பொதுவெளியில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, யார் அனுமதியும் தேவையில்லை. இசட்-ஃபோர்ஜின் காஸ்மாஸ் பட்டியலை எடுங்கள். செம்பெயர்ச்சி 1.5க்கும் 3க்கும் இடைப்பட்ட திரள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை எல்லா வடிகட்டிகளோடும், இன்னொரு தடவை அந்த ஐந்து நடுப்பட்டைகளை நீக்கிவிட்டும் செம்பெயர்ச்சியைக் கணியுங்கள். கணிக்கும் நிரலும் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரிக் கணினி போதும். இரண்டுக்கும் இடையில் எவை இடம் மாறின, எவ்வளவு மாறின என்று குறித்துக்கொண்டு, நிறமாலை எடுக்கப்பட்டவற்றோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐந்தையும் ஒரேயடியாக நீக்காமல் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதை நீக்கினால் நட்டம் அதிகம், எதை நீக்கினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்று தெரியவரும். தொலைநோக்கி நேரம் கேட்டு எழுதும் குழுக்கள் தங்கள் விண்ணப்பத்தின் நடுவில் வைக்கும் படம் இப்படிப்பட்ட ஒப்பீட்டின் வரைபடம்தான். அந்தப் படத்தை இந்த ஒன்றியத்திலிருந்து யாராவது வரைந்து கொண்டுவந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கேள்வியைச் சேர்ந்து எழுத நான் ஆவலாக இருக்கிறேன்.